என் குளிர்காலம், அவருடைய புத்தகம்

மன்னிக்கிறவர்கள் நல்லவர்கள். நான் அந்த வகையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு யாரும் இந்த மனுசி இப்படியா என்று மூக்கில் விரல் வைக்க வேண்டாம்.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை, லண்டனில் மனோர் பார்க் கோயில் வாசலில் என் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன். முன்பு வால்தம்ஸ்டோவில் என்னோடு மருந்துக்கடையில் வேலை செய்த பெண் ஓடி வந்து ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தாள்.

"அக்கா, உங்கட பழைய மனுசன் புத்தகம் எழுதியிருக்கிறார். இமயமலையில இருந்த கதை. நல்லா இருக்கு. ஆனா நீங்களும் அங்க போனனீங்களெல்லே? உங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதுதான் ஒரு மாதிரிக் கிடக்கு."

அட்டையில் பனிமலை. பின்னட்டையில் தாடியோடு அவர். எனக்குக் கணவராக இருந்த பதினொரு வருடத்தில் அந்த மனிதர் ஒருநாள்கூடத் தாடி வைத்ததில்லை. மலையைப் பற்றி எழுதினால் தாடி வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

பஸ்ஸில் மேல்தட்டில் இருந்து முதல் பக்கத்தைத் திறந்தேன். "வெயில் பத்து மணிக்குத்தான் ஊருக்குள் வரும். முதலில் கோயில் கொடியைத் தொடும், பிறகு எங்கள் கூரையை. இரண்டு மணிக்கு மலைக்குப் பின்னால் போய்விடும். அந்த நாலு மணி நேரம் ஊர் முழுவதும் கூரைமேல் ஏறி வாழும்." இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்புப் போய்விட்டேன். அந்த வரிகள் என்னுடையவை. 'தொடும்' என்பதற்குப் பிறகு வருகிற காற்புள்ளிகூட என்னுடையது.

அங்கே இருந்தபோது நான் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். பிரிந்தபோது என் பெட்டியொன்று, நாங்கள் சேர்ந்து இருந்த மோர்டன் வீட்டின் கூரைக்கடி லொஃப்டில் நின்றுவிட்டது. கேட்டு எடுக்கப் போகவில்லை. அந்தப் படியை மிதிக்க எனக்கு மனமில்லை. பெட்டிக்குள்ளே கொப்பி இருந்தது. அதை அவர் எடுத்து, தூசி தட்டி, தன் பெயரில் அச்சடித்துவிட்டார்.

எங்கள் மொழியும் அவருக்கு உதவி செய்திருக்கிறது. அவன் போனான், அவள் போனாள் என்று தமிழ் வினைச்சொல்லே ஆளைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் "நான் போனேன்" என்று எழுதினால் போனது ஆணா பெண்ணா என்று இலக்கணத்துக்குத் தெரியாது. அந்த ஓட்டைக்குள்ளால் அவர் வசதியாக நுழைந்து, என் இடத்தில் சம்மணம் கட்டி இருந்துகொண்டார். ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் அந்த ஊரில் இருக்கவே இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். இருந்தவள் நான். அதை எல்லாருக்கும் முன்னால் அவர் வாயாலேயே சொல்லவைப்பது என்று அன்றைக்கு அந்தப் பஸ்ஸிலேயே தீர்மானித்தேன்.

நாங்கள் போன கதை சுருக்கமானது. அவர் மின் பொறியியலாளர். லண்டனில் வேலை போன வருடம், ஒரு சிறிய தொண்டு அமைப்பு நேபாளத்தின் வடக்கு மூலையில் இருந்த ஓர் ஊருக்குச் சோலார் பனல் பூட்ட ஆள் தேடியது. கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதை விட மலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நானும் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போனேன்.

விமானம் இறங்கிய இடத்திலிருந்து ஆறு நாள் நடை. கடைசி நாள் ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். அதற்கு அப்பால், கழுவிக் கவிழ்த்த சட்டிகள் போல இருபத்திமூன்று மண்வீடுகள். நாலாயிரம் மீற்றருக்கு மேலே. முதல் வாரம் எனக்குத் தலை பிளந்தது. சப்பாத்தின் கயிற்றைக் கட்டிவிட்டு மூச்சு வாங்க இருந்துவிடுவேன். யாழ்ப்பாணத்துக்காரியின் திமிரோடு மூட்டைக்குள் கடலைப் பருப்புக் கொண்டுபோயிருந்தேன். அங்கே தண்ணீர் அவசரப்பட்டுக் கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதியில் சூடு இல்லை. பருப்பு மூன்று மணி நேரம் துள்ளித் துள்ளிக் கிடந்துவிட்டு, போட்டபடியே கல்லாக இருந்தது. நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி அதை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு ஆட்டுக்குப் போட்டாள். ஆடும் தின்னவில்லை.

அவளை நான் திதி என்று கூப்பிட்டேன், அக்கா என்று அர்த்தம். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். வீட்டின் கீழ்த்தட்டில் மாடும் ஆடும், மேல்தட்டில் நாங்கள், அதற்கு மேலே கூரை. ஒரே மரக்குற்றியில் வெட்டிய படிகளில்தான் ஏறி இறங்க வேண்டும். திதிக்கு இரண்டு கணவர்கள், அண்ணனும் தம்பியும். அந்தப் பக்கத்து வழமை அது. ஒருவர் மந்தையோடு போனால் மற்றவர் வீட்டில் நிற்பார். எனக்கு இருந்தது ஒன்று. அதுவும் நிற்கவில்லை.

ஐப்பசி கடைசியில் சோலார் பெட்டிக்குள் ஒரு கருவி எரிந்துபோனது. அதை மாற்ற வேண்டும், காட்மண்டுவில்தான் வாங்கலாம் என்றார்.

"பதினைஞ்சு நாளில வந்திடுவன். கணவாய் மூட முன்னம் வாறன். நீர் பயப்பிடாதையும்."

"நானும் வாறனே."

"சும்மா என்னத்துக்கு அலைச்சல்? இஞ்சை ஒராள் நிண்டால்தான் பனலைக் களட்டிக்கொண்டு போகமாட்டாங்கள்."

அந்த ஊரில் ஒருவரும் ஒன்றையும் கழற்றிக்கொண்டு போகவில்லை. களவு எங்கள் வீட்டில்தான் இருந்தது.

கார்த்திகை நடுவில், அந்த வருடத்தின் கடைசிக் கோவேறு கழுதைகள் உப்பும் தேயிலையும் சுமந்து கணவாயால் இறங்கி வந்தன. மணிச்சத்தம் கேட்டு, கூரையிலிருந்து இறங்கி ஊர் எல்லை வரைக்கும் ஓடினேன். மூச்சு வாங்கி வாங்கி ஓடினேன். கழுதைகள் வந்து சேர்ந்தன. அவர் வரவில்லை. ஓட்டிவந்தவன் ஒரு துண்டுக் கடதாசி தந்தான். "சாமான் இன்னும் வரேல்லை. கணவாய் திறந்ததும் வாறன். கவனமாய் இரும்." கழுதை நடந்து வந்த வழியால் அவருக்கு நடந்து வர முடியவில்லை. அவர் தங்கியிருந்த விடுதியில் சுடுதண்ணீர்க் குழாய் இருந்தது என்று பிறகு அவர் வாயாலேயே அறிந்தேன்.

நாலு நாள் கழித்து, மூன்று பகலும் இரவும் விடாமல் பனி கொட்டியது. விடிய எழும்பிப் பார்க்க, கணவாய் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர். புத்தகத்தில் இருக்கிறது: "கணவாய் மூடியது. நான் கூரையில் நின்று பார்த்தேன். இனி ஐந்து மாதத்துக்கு வருவாரும் இல்லை, போவாரும் இல்லை." வருவார் இல்லை என்று நான் எழுதியது அவரைத்தான். தன்னைத் திட்டிய வரியையும் தன் பெயரில் போட்டுக்கொண்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

அந்த ஊரின் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது என் சொத்து. பனி பெய்து நின்றதும் எல்லா வீட்டிலும் மரமண்வெட்டியோடு கூரைக்கு ஏறுவார்கள். தள்ளாமல் விட்டால் கூரை அமுங்கி மாட்டின்மேல் விழும். தள்ளுகிற பனி அயல்வீட்டு நடைபாதையில் விழக் கூடாது. விழுந்தால் ஒரு வாரம் பேச்சில்லை. நான் முதல்நாள் சரியாக அங்கேதான் தள்ளினேன். அந்த வீட்டுக்காரி வெளியே வந்து என்னை அண்ணாந்து பார்த்து, ஒரு கைப்பிடிப் பனியை உருட்டி என் முகத்துக்கு நேரே எறிந்தாள். குறி தப்பவில்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ஓடை மேலே இறுகி, அடியில் மட்டும் ஓடும். கோடாலியால் துளை போட்டு, அகப்பையால் அள்ளி, முதுகுக் கலனில் ஊற்றிக் கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு வரும்போது மேலே ஓர் ஆடை பனிக்கட்டி கட்டியிருக்கும். மத்தியான வெயிலில் ஓடை முழுவதும் வெடிச் சத்தம் போடும். முதல் தடவை கேட்டபோது நான் சுவரோடு சேர்ந்து குந்திவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் வளர்ந்த உடம்பு, அது மூளையைக் கேட்டுக் குந்துவதில்லை. திதியின் மூத்த கணவர் சிரிக்காமல் வந்து என் பக்கத்தில் குந்தி, ஓடையைக் கைகாட்டி, தன் விரல் முட்டியை மடக்கி முறித்துச் சத்தம் எழுப்பிக் காட்டினார். பனிக்கட்டிதான் என்று விளங்கியது.

தீவனம் தேடி, நீலஆடு என்கிற காட்டு ஆடுகள் வயல்வரை இறங்கி வந்தன. நிறம் நீலமில்லை, சாம்பல்தான். அவற்றின் பின்னால் பனிச்சிறுத்தை வந்தது. அதை நான் காணவில்லை. விடிய எங்கள் பட்டியில் ஏழு ஆடுகள் செத்துக் கிடந்தன, ஒன்றைத்தான் தின்றிருந்தது. மற்ற ஆறும் பயத்துக்கும் வெறிக்கும் போன உயிர்கள். திதி பட்டியில் நின்று மலையைப் பார்த்து அரை மணி நேரம் ஏசினாள். எனக்கு மொழி விளங்கவில்லை, ஆனால் நானும் சேர்ந்து தமிழில் ஏசினேன். நான் ஏசியது சிறுத்தையை இல்லை.

புத்தகத்தில் அவர் ஓரிடத்தில் மாட்டுப்பட்டிருக்கிறார். "நான் அடுப்புக்கு இடப்பக்கம், வறட்டிக் கூடையோடு இருந்தேன்" என்று இருக்கிறது. அந்த ஊரில் அடுப்பின் இடப்பக்கம் பெண்களுக்கு, வலப்பக்கம் வயது வரிசைப்படி ஆண்களுக்கு. தாடி வைத்த பொறியியலாளர் குளிர்காலம் முழுவதும் பெண்கள் பக்கத்தில் இருந்து வறட்டி போட்டிருக்கிறார். ஆனால் லண்டனில் அதை யார் கண்டுபிடிப்பார்கள்? நான் எழும்பி விளக்கம் சொன்னால், பிரிந்துபோனவளின் எரிச்சல் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

நூற்றிப் பதினாலாம் பக்கத்தில்தான் எனக்குத் தேவையானது கிடைத்தது. அதை வாசித்தபோது என் சமையலறையில் நின்றேன். அடுப்பை நிறுத்திவிட்டுக் கீழே இருந்துவிட்டேன்.

எங்கள் பெண்கள் ஒருத்திக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது என்பதை நேரே சொல்வதில்லை. மாதக் குளிப்பு வரவில்லை என்பதைக் கொண்டு, "அவ முழுகாமல் இருக்கிறா" என்பார்கள். ஒன்பது வருடமாக நான் அந்தச் சொல்லை மற்றவர்களைப் பற்றியே கேட்டவள். கோயிலில், கல்யாண வீட்டில், தொலைபேசியில், எவளோ முழுகாமல் இருப்பாள், நான் சிரித்துக்கொண்டு நல்லது என்பேன். தை மாதத்தில் ஒரு மத்தியானம், கூரை வெயிலில் இருந்து, விரல் விறைக்க விறைக்கக் கொப்பியில் எழுதினேன்:

"தை பிறந்துவிட்டது. மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை. திதிக்கு மட்டும் தெரியும்போல. இன்று தன் பங்கு வெண்ணெயையும் என் தேநீரில் போட்டாள்."

அதற்கு முதல் பந்தியில், குளிர் முடியும்வரை ஊரில் ஒருவரும் குளிப்பதில்லை, தோல் வெடிக்காமல் வெண்ணெய் பூசுகிறார்கள் என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டையும் சேர்த்து வாசித்திருக்கிறார். அந்தச் சொல் அவருக்குத் தெரியாததல்ல; அவருடைய தங்கைமார் மூன்று பேரைப் பற்றி எங்கள் வீட்டிலேயே எத்தனையோ தரம் சொன்னது. ஆனால் கொப்பியில் வந்த "நான்" எல்லாம் தான்தான் என்று எண்ணி எண்ணி, கடைசியில் உண்மையாகவே நம்பிவிட்டார். ஓர் ஆம்பிளை மூன்று மாதம் முழுகாமல் இருந்தால் அது ஊத்தைதானே. புத்தகத்தில் அப்படியே அச்சாகியிருந்தது. பந்தியின் கடைசியில் தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்திருந்தார்: "குளிர் அப்படி!"

அந்தப் பிள்ளை நிற்கவில்லை. மாசியில், நாலு மாதம் கடந்த பிறகு, ஒரு காலையில் தண்ணீர் அள்ளிவிட்டு வரும்போது வயிற்றுக்குள் நோ பிடித்தது. திதியும் பனியுருண்டை எறிந்தவளும் என்னைத் தூக்கிப் படியேற்றினார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை, போக வழியும் இல்லை. பார்லிச் சாராயத்தைச் சூடாக்கிப் பருக்கினார்கள், கால்களை மாறி மாறித் தங்கள் வயிற்றோடு அணைத்து வைத்திருந்தார்கள்.

நிலம் இரும்பாக இறுகிக் கிடந்தது. திதியின் மூத்த கணவர் பார்லி வயலின் சுவரோரம் வறட்டி அடுக்கித் தீ மூட்டினார். ஒரு பகலும் ஓர் இரவும் எரித்து, நிலம் இளகியதும் தோண்டினார். எரித்தது அவர்கள் வீட்டுக் குளிர்கால வறட்டியில் பாதி. பிறகு பங்குனி முடியும்வரை எல்லாரும் ஒரே அடுப்பைச் சுற்றி நெருங்கிப் படுத்தோம், அந்த வறட்டிக்கு ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. நான் கொப்பியை மூடி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

சித்திரையில் அவர் வந்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது. புது ஜக்கெற். கையில் ஒரு பிஸ்கற் ரின்.

"பாத்தீரே, நீர் சமாளிச்சிட்டீர். நான் அப்பவே நினைச்சனான்" என்றார்.

சொல்ல வாய் திறந்தேன். அந்தப் பிஸ்கற் ரின்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். இந்த மனிதருக்குச் சொல்லி, இவர் அழுது, இவரை நான் ஆற்றுவதா? ஒன்பது வருடம் காத்திருந்தது எனக்கு மட்டும் தெரிந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் செய்த முதல் பழிவாங்கல் அது. லண்டனுக்கு வந்து இரண்டு வருடத்தில் பிரிந்தோம். காரணம் கேட்டவர்களுக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னேன்.

வெளியீட்டு விழா மோர்டனில், ஒரு தேவாலய மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு என்று போட்டிருந்தது. நாலரைக்கு விளக்கேற்றினார்கள். நல்ல சேலை உடுத்துக்கொண்டு போய் நடுவில், பெண்கள் கூட்டமாக இருந்த வரிசையில் இருந்தேன். ஆய்வுரை சொன்னவர், ஓர் ஆணின் தனிமையை இவ்வளவு நுட்பமாக யாரும் எழுதியதில்லை என்று இருபத்தைந்து நிமிடம் உருகினார். நான் சிற்றுண்டிக்குத் தந்த ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

ஏற்புரை முடிந்து சபையோர் கருத்துச் சொல்லலாம் என்றதும் எழும்பினேன். அவர் என்னைக் கண்டார். முகம் சட்டென்று கறுத்தது. கொப்பியைப் பற்றிச் சண்டை பிடிக்கப்போகிறேன் என்று நினைத்திருப்பார். அதற்கு ஏதோ பதிலும் தயாராக வைத்திருந்தவர்போல நிமிர்ந்து நின்றார்.

"வணக்கம். நூற்றிப் பதினாலாம் பக்கம், ரெண்டாவது பந்தி எனக்கு நல்லாப் பிடிச்சது. எழுதினவரே தன்ர குரலில ஒருக்கா வாசிச்சால் நல்லது" என்றேன்.

இவ்வளவுதானா என்று அவருக்கு மூச்சு வந்தது. கண்ணாடியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, அந்த நல்ல குரலில் வாசித்தார். "தை பிறந்துவிட்டது. மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறேன்."

என் வரிசையில் ஒருத்தி மூக்கால் சிரித்தாள். அடுத்தவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள். அவர் விளங்காமல் மேலே போனார்: "யாருக்கும் சொல்லவில்லை." மண்டபம் வெடித்துவிட்டது. முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் ஒலிவாங்கி இல்லாமலே கேட்டார்:

"தம்பி, இப்ப எத்தினையாம் மாதம்?"

ஆய்வுரை சொன்னவர்கூட மேசைக்குக் கீழே குனிந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷம், வேறொன்றும் இல்லை. எட்டு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அவரும் முதலில் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். பிறகு குனிந்து அந்த வரியை மறுபடி வாசித்தார். அவருடைய உதடு அசைந்தது: தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி. ஐப்பசியில் உதடு நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. எல்லாரும் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எங்களைத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் காதில் சொன்னார்கள்.

"நீர்..." என்றார். ஒலிவாங்கி அதையும் எல்லாருக்கும் சொன்னது. "நீர் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"எழுதித்தானே வைச்சனான். நீங்கள் அச்சடிச்சு வைச்சிருக்கிறியள்."

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். கதவடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவர் மேடையில் நின்றபடியே அவசர அவசரமாகப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தன் புத்தகத்தில் தேடினார்.